பயணத்தின் நடுவே சொந்த ஊர்: காவிரி டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ கிளம்பும் டெல்டாக்காரர்களின் பயணத் திட்டத்தில் ஊர் பெரும்பாலும் ஓரமாகத்தான் கிடக்கும். ராமேஸ்வரம் போகிற வழியில் அரை நாள், கல்யாணத்துக்கு வந்த சாக்கில் ஒரு மாலை, விமானத்துக்கு முந்தின ராத்திரி என்று எங்காவது செருகி வைத்திருப்பார்கள். அந்த அரை நாளுக்குள் பெரியப்பா வீட்டில் சாப்பிட வேண்டும், அத்தையைப் பார்க்க வேண்டும், குலதெய்வத்துக்கு மாலை சாத்த வேண்டும், படித்த பள்ளிக்கூடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும், ஆற்றில் கால் நனைக்க வேண்டும். கடைசியில் எல்லா வீட்டிலும் காபி குடித்துவிட்டு, எதையும் பார்க்காமல் காரில் ஏறுவோம்.

என்னைக் கேட்டால், உறவுக்காரர்களைப் பார்ப்பது ஒரு வேலை, ஊரைப் பார்ப்பது இன்னொரு வேலை. இரண்டுக்கும் தனித்தனியாக நேரம் வைக்க வேண்டும். மத்தியானமும் மாலையும் உறவுக்கு, விடியற்காலை ஊருக்கு. கீழே வரும் எல்லாமே இந்தப் பிரிவினையை வைத்துப் போட்ட கணக்குதான்.

1. தேதி பார்க்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்

நம் பக்கத்தில் ஊர் எப்படி இருக்கும் என்பதை ஆறுதான் தீர்மானிக்கிறது. மேட்டூர் அணையை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து சேர மூன்று நான்கு நாள் ஆகும். அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து, நீடாமங்கலம் பக்கத்து மூணாறு தலைப்பு மாதிரி இன்னும் பல இடங்களில் கிளைத்துக் கடைமடைக்கு, அதாவது வாய்க்கால் முடிகிற கடைசி வயல்களுக்கு, போக மேலும் பல நாள் பிடிக்கும். திறப்புத் தேதியும் எல்லா வருஷமும் ஒன்றாக இருப்பதில்லை. 2022-ல் மே 24-லேயே திறந்துவிட்டார்கள். 2024-ல் ஜூலை 28 வரை இழுத்தது. அதனால் டிக்கெட் போடும் முன் ஊரில் யாரையாவது கூப்பிட்டு, "வாய்க்கால்ல தண்ணி வந்துடுச்சா?" என்று கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி முதல் மே வரை ஆறு என்பது மணலும் நாணலும்தான். பள்ளி விடுமுறை என்று மே மாதம் பிள்ளைகளைக் கூட்டிவந்து "இதுதான் நாங்க நீச்சலடிச்ச ஆறு" என்று காட்டினால், அவர்கள் நம் முகத்தையும் மணலையும் மாறி மாறிப் பார்ப்பார்கள். ஆனால் ஆட்களைப் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் மே மாதமே நல்லது. அம்மன் கோயில் திருவிழாக்கள் சித்திரை, வைகாசியில்தான் நிறைய வரும். வெளியூரில் இருக்கும் பங்காளிகளும் அப்போதுதான் வந்து சேர்வார்கள்.

ஊரைப் பார்ப்பதற்கு எனக்குப் பிடித்த காலம் ஆகஸ்ட். ஆடி 18, அதாவது ஆகஸ்ட் 2 அல்லது 3, படித்துறைகளில் காவிரிக்குப் படைக்கிற காப்பரிசியும் காதோலை கருகமணியும் மஞ்சள் கயிறுமாக இருக்கும். சில ஊர்களில் பிள்ளைகள் இன்னும் சப்பரம் இழுக்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் மழையில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு அதிகம். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துக் கடைமடைக் கிராமங்களில் வயலும் பாதையும் ஒன்றாகிவிடும். மயிலாடுதுறையில் காவிரியின் துலாக்கட்டப் படித்துறையில் ஐப்பசிக் கடைசி நாள் நடக்கும் கடைமுக முழுக்குக்காக வருகிறவர்கள் குடையோடு வரட்டும்.

பொங்கலுக்கு எல்லோரும் வருகிறார்கள், அதனால் யாரோடும் நின்று பேச முடியாது. பொங்கல் முடிந்த அடுத்த வாரங்களில் சம்பா அறுவடை நடக்கும். பார்க்க அழகுதான், ஆனால் விவசாயம் செய்கிற சித்தப்பாவுக்கு அப்போது மூச்சு விட நேரமிருக்காது. அறுவடை மெஷினுக்குக் காத்திருப்பார், இல்லாவிட்டால் கொள்முதல் நிலையத்தில் நெல் குவியலுக்குப் பக்கத்தில் சாக்கை விரித்துப் படுத்திருப்பார். அங்கேயே போய் ஒரு பிளாஸ்க் டீயோடு உட்காருங்கள்.

2. டிக்கெட்

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்த ஞாபகத்தில் பழைய கணக்குப் போடாதீர்கள். தட்கல் முந்தின நாள் காலை ஏசிக்கு 10 மணி, மற்றதற்கு 11 மணி. ஆதார் சரிபார்த்த கணக்கு இல்லாவிட்டால் இணையத்தில் தட்கல் எடுக்க முடியாது.

சென்னையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருச்சி போகிற ரயில் எல்லாம் கும்பகோணம் போகாது. பெரும்பாலானவை விருத்தாசலம், அரியலூர் வழியாகக் கார்டு லைனில் போய்விடும். நமக்கு வேண்டியது மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் வழியாகப் போகும் மெயின் லைன். பகலில் சோழன், ராத்திரியில் உழவன், மன்னார்குடிக்காரர்களுக்கு மன்னை. கோயம்புத்தூர்ப் பக்கமிருந்து வருகிறவர்களுக்குச் செம்மொழியும், மயிலாடுதுறை வரை ஜன்சதாப்தியும் இருக்கின்றன. மெயின் லைனில் இடம் கிடைக்காவிட்டால் கார்டு லைனில் திருச்சி வந்து, அங்கிருந்து தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போய்விடலாம். பஸ்ஸிலேயே வருவதென்றால் சென்னையில் கிளாம்பாக்கத்தில் ஏற வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் சென்னையில் இறங்கி ஒரு ராத்திரியை வீணாக்காமல் நேராகத் திருச்சிக்கு விமானம் கிடைக்கிறதா என்று பாருங்கள். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, துபாயிலிருந்து இருக்கிறது.

டவுனிலிருந்து கிராமத்துக்குப் போக டவுன் பஸ், மினி பஸ் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குச் சாதாரண டவுன் பஸ்ஸில் கட்டணம் இல்லை. செல்போனில் ஆட்டோ கூப்பிடுகிற வசதி கிராமத்தில் எடுபடாது. ஊர் ஆட்டோக்காரர் ஒருவரின் எண் கையில் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

3. எத்தனை ராத்திரி, எங்கே படுக்கை

குறைந்தது இரண்டு ராத்திரி வேண்டும். முதல் நாள் மத்தியானத்துக்குள் வந்து, நடுவில் ஒரு முழு நாள் இருந்து, மூன்றாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்புங்கள். அப்படியானால் இரண்டு விடியற்காலை கையில் கிடைக்கும். ஊரைப் பயணத்தின் கடைசியில் வைக்காதீர்கள். பெட்டி கட்டுவதும் விமான நேரமும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது அத்தை சொல்வது காதில் ஏறாது. பயணத்தின் நடுவில் வையுங்கள்.

இரண்டில் ஒரு ராத்திரியாவது கிராமத்திலேயே படுக்க வேண்டும், இல்லாவிட்டால் விடியற்காலை என்பதே கிடையாது. இன்னொரு ராத்திரி கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ லாட்ஜ் போடுவதில் தப்பில்லை. எழுபது வயதுப் பெரியம்மா நாலு பேருக்குப் பாய் விரித்து, வெந்நீர் வைத்து, பாத்திரம் கழுவப் போகிறார் என்பதை யோசித்துப் பாருங்கள். "நாங்க இருக்கறப்ப லாட்ஜா?" என்று கோபம் வரும். "காலைல சீக்கிரம் ரயிலு பெரியம்மா" என்று சொல்லிவிடுங்கள். அந்தப் பொய்யை அவரும் மனசார ஏற்றுக்கொள்வார்.

4. கிளம்பும் முன் போட வேண்டிய ஒரே போன்

எல்லோருக்கும் சொல்வதற்கு முன்னால், ஊர் நிலவரம் முழுதும் தெரிந்த ஒருவருக்குப் போன் போடுங்கள். எல்லாக் குடும்பத்திலும் அப்படி ஒரு அத்தையோ சித்தியோ இருப்பார். கேட்க வேண்டியவை இவை: போன தடவைக்குப் பிறகு யார் வீட்டில் சாவு, யார் வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்கும் யாருக்கும் பேச்சு வார்த்தை இல்லை, யாருக்குச் சர்க்கரை, யாருக்குக் காது கேட்கவில்லை.

அப்புறம் கோயில் விஷயம். காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊரில் இருப்பவர்கள் வெளியே போய் ராத்திரி தங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு பல ஊர்களில் இன்னும் உண்டு. காப்புக் கட்டுகிற நாளில் நீங்கள் அங்கே படுத்திருந்தால், மறுநாள் ரயிலைக் காட்டிக் கிளம்புவது சங்கடமாகிவிடும். பங்காளி வீட்டில் தீட்டு இருந்தால் அது உங்களையும் சேரும், குலதெய்வம் கோயிலுக்குப் போக முடியாது. இதெல்லாம் நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அங்கே வாழ்கிறவர்களை வாசலில் வைத்துத் தர்மசங்கடப்படுத்த வேண்டாம்.

5. கையில் என்ன

வெறுங்கையோடு போகக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். வெற்றிலை, பாக்கு, பழம், பூ போதும். ஸ்வீட் டப்பாவைப் பாதி வீட்டில் திறக்கவே மாட்டார்கள், எல்லோருக்கும் சர்க்கரை. உடம்பு முடியாதவர் வீட்டுக்கு ஹார்லிக்ஸ் பாட்டில் என்ற பழைய வழக்கம் இன்னும் செல்லுபடியாகிறது. பெரியவர்களுக்குப் பணம் கொடுப்பதென்றால் வெற்றிலையில் மடித்து வைத்துக் கையில் கொடுங்கள், மருமகள் பார்க்கும்படி நீட்ட வேண்டாம். டீக்கடையில்கூட ஸ்கேன் பண்ணிப் பணம் கட்டலாம் என்றாலும், பூசாரி தட்டுக்கும் அப்பாயி கைக்கும் நோட்டு வேண்டும்.

இவற்றோடு ஒரு நல்ல டார்ச் லைட். ராத்திரி கொல்லைப்பக்கம் போகும்போது பாம்பு பற்றிய எச்சரிக்கை வேடிக்கைப் பேச்சல்ல.

6. முதல் மத்தியானம்: வீடுகளின் வரிசை

போன கையோடு யார் வீட்டுக்கு முதலில் என்பது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். அடுத்த ஐந்து வருஷம் அதைப் பேசுவார்கள்.

துக்கம் கேட்க வேண்டிய வீடு இருந்தால் அதுதான் முதல். ஆனால் அதைத் தனிப் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். துக்க வீட்டிலிருந்து நேராக இன்னொரு வீட்டுப் படி ஏறுவதைப் பெரியவர்கள் விரும்ப மாட்டார்கள். தங்குகிற இடத்துக்கு வந்து குளித்துவிட்டுத்தான் மற்ற வீடுகள். செவ்வாய், வெள்ளியில் துக்கம் கேட்க வருவதைச் சில குடும்பங்கள் ஒத்துக்கொள்வதில்லை. போகும்போது பூ, பழம் வேண்டாம். போய் உட்கார்ந்தால் போதும், ஆறுதல் வசனம் எதுவும் தேவையில்லை. "எப்ப வந்தே?" என்று அவர்களே ஆரம்பித்து, கடைசி நாள்களை முழுதும் சொல்வார்கள். அதைக் கேட்கத்தான் போயிருக்கிறோம். கிளம்பும்போது "வர்றேன்" என்று சொல்லாமல் எழுந்து வந்துவிடுவது வழக்கம்.

மற்ற வீடுகளுக்கு வயது வரிசை. அப்பா வழியில் மூத்தவர், அப்புறம் அம்மா வழி. அம்மாச்சி ஊர் பக்கத்தில் என்றால் அதற்கு அடுத்த நாள் மாலையை ஒதுக்குங்கள். ஒரே தெருவில் நாலு வீடு இருந்தால் நாலிலும் ஏறி இறங்க வேண்டும், ஒன்றை விடுவதைவிட எல்லாவற்றையும் விடுவது பாதுகாப்பு. பேச்சில்லாத இரண்டு பங்காளி வீடுகளுக்கும் போங்கள். இங்கே கேட்டதை அங்கே சொல்லாதீர்கள், "அவன் என்ன சொன்னான்?" என்றால் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுங்கள்.

சாப்பாட்டை முன்கூட்டியே பிரித்துச் சொல்லிவிட வேண்டும். மத்தியானம் பெரியப்பா வீடு, ராத்திரி டிபன் சித்தப்பா வீடு என்று முடிவாகிவிட்டால் மற்ற வீடுகளில் காபியோடு தப்பிக்கலாம். அரை டம்ளர் கேளுங்கள். முழு டம்ளர்தான் வரும், இருந்தாலும் கேளுங்கள்.

தெருவைத் தாண்டியும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சின்ன வயதில் நம் வீட்டு வயலில் வேலை செய்த பெரியவர்களை வீட்டுப் பிள்ளைகள் பெயர் சொல்லி, ஒருமையில் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அவர்கள் தெருவுக்கும் போய், "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேட்டு, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வாருங்கள். 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்த மண் இது. கூலி கேட்ட சண்டை அது. "அந்தக் காலம் எவ்வளவு நல்லா இருந்துச்சு" என்ற நம் பேச்சு எல்லாத் தெருவிலும் ஒரே மாதிரி விழாது.

7. விடியற்காலை: ஊர்

ஐந்தரைக்குக் கிளம்புங்கள். தனியாக, இல்லாவிட்டால் ஒரு பிள்ளையோடு மட்டும். உறவுக்காரர் யாரும் துணைக்கு வேண்டாம். அவர்கள் வந்தால் ஊர் தெரியாது, அவர்கள் சொல்லும் கதைதான் தெரியும். காரையும் எடுக்காதீர்கள்.

படித்துறையில் ஆரம்பித்து, ஆற்றங்கரையோடு மதகு வரை, அங்கிருந்து வாய்க்கால் கரையைப் பிடித்து வயலுக்கு, வயலிலிருந்து கோயில், குளம், பள்ளிக்கூடம், கடைசியில் டீக்கடை. இதுதான் நான் சொல்லும் வழி. தண்ணீர் ஊருக்குள் வருகிற வழியும் இதுதான், அதனால் எது எங்கே இருந்தது என்பது தானாக நினைவுக்கு வரும். பாசனம் நடக்கும் நாளில் மதகில் கொஞ்ச நேரம் நின்று, எந்தப் பக்கம் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பாருங்கள். ஊரில் பாதிச் சண்டைக்கு மூலம் அங்கேதான்.

ஆற்றில் இறங்குவது பற்றி ஓர் எச்சரிக்கை. நாம் குளித்த ஆறு இப்போது அதே ஆழத்தில் இல்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் மேலே தெரியாது, மதகடியில் சுழல் இருக்கும். கொள்ளிடத்தில் அகலத்தைப் பார்த்து ஆழத்தை எடை போடவே கூடாது. அன்றாடம் குளிக்கிற ஆட்கள் இருக்கும் படித்துறையைத் தவிர வேறெங்கும் பிள்ளைகளை இறக்காதீர்கள்.

வழியில் யாராவது நிறுத்தி, "யாரு வீட்டுப் புள்ள?" என்று கேட்பார்கள். உங்கள் பெயரும் வேலையும் அங்கே விலை போகாது. தெரு, தாத்தா பெயர், வீட்டின் பட்டப்பெயர் என்ற வரிசையில் சொல்லுங்கள்: "மேலத்தெரு, மச்சு வீடு, இன்னாரோட பேரன்." பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

மாறியிருப்பது கண்ணில் படும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரர்களுக்கு வெட்டவெளி அதிகமாகத் தெரியலாம். 2018 நவம்பர் 16 கஜா புயலில் தென்னந்தோப்புகள் சாய்ந்தன, பிறகு வைத்த கன்று பழைய உயரத்துக்கு வர வருஷங்கள் ஆகும். ரயில் பக்கம் பார்த்தால் சில ஊர்களுக்கு மீட்டர் கேஜ் போய் அகல ரயில் வந்தது. மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடி போன ரயில் 1986-ல் நின்றதோடு சரி. ஓட்டு வீடு போய் மாடி வீடு, திண்ணை போய் கிரில் கேட். இதையெல்லாம் டீக்கடையில் உட்கார்ந்து "எல்லாம் போச்சு" என்று புலம்ப வேண்டாம். திண்ணையை இடித்தவருக்கு வண்டி நிறுத்த இடம் வேண்டியிருந்தது.

உங்கள் பழைய வீடு வேறு கைக்குப் போயிருந்தால் விடியற்காலையில் கதவைத் தட்டாதீர்கள். வெளியிலிருந்து பாருங்கள். மாலையில் தெரிந்த ஒருவரோடு போய், "நாங்க இருந்த வீடு, கூடத்தை ஒரு தடவை பார்த்துக்கலாமா?" என்று கேட்டால் பெரும்பாலும் உள்ளே கூப்பிட்டு முற்றம் வரை காட்டுவார்கள். விற்ற விலையைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

8. பெரியவர்களைப் பேச வைப்பது

நடு நாளின் சாயங்காலத்தை இதற்கு வையுங்கள். "பழைய கதை சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். குறிப்பாகக் கேட்க வேண்டும். "1977 புயலன்னைக்கு ராத்திரி எங்க படுத்திருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த நவம்பர் புயலைச் சிறு வயதில் பார்த்தவர்கள்கூட எந்தச் சுவர் விழுந்தது, யார் யாரைத் தூக்கிக்கொண்டு எந்தக் கோயிலுக்கு ஓடினார்கள் என்று வரிசையாகச் சொல்வார்கள். இன்னொரு நல்ல கேள்வி வயல்களின் பெயர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும், அது எந்தப் பத்திரத்திலும் இருக்காது.

செல்போனைப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு போட்டுவிடுங்கள், சொல்லிவிட்டுத்தான். வீடியோ வேண்டாம், கேமராவைப் பார்த்தால் அப்பாயி முந்தானையைச் சரிசெய்வதிலேயே இருப்பார். சுவரில் மாட்டியிருக்கும் பழைய போட்டோக்களைக் கீழே இறக்கி, வாசல் வெளிச்சத்தில், கண்ணாடி மினுங்காமல் படம் எடுத்து, யார் யார் என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள். கல்யாணத்து மொய் நோட்டு பரணில் இருந்தால் அதையும் எடுங்கள். யார் உறவு, எந்த ஊர் என்பதற்கு அதைவிட நல்ல பதிவேடு எந்தக் குடும்பத்திலும் கிடையாது.

9. குலதெய்வம்

ஐயனாரோ பிடாரியோ, கோயில் பெரும்பாலும் வேறு ஊரில், வயல் நடுவில் இருக்கும். பூசாரி அங்கே குடியிருக்க மாட்டார், முந்தின நாளே போனில் சொல்லி வையுங்கள். பொங்கல் வைப்பதாக இருந்தால் அரிசி, வெல்லம், விறகு, பானை எல்லாம் நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். டவுன் கோயில்களையும் சேர்த்துப் பார்க்க நினைத்தால், அவை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்கு நடை சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும்.

10. பட்டா, பத்திரம்

நிலம் சம்பந்தமாக வேலை இருந்தால் அதை முதல் நாள் எடுக்காதீர்கள். வந்ததே அதற்குத்தான் என்று ஆகிவிடும். வார நாளாகப் பார்த்து ஒரு காலையை ஒதுக்குங்கள். சனி, ஞாயிறு மட்டும் வருகிறவர்களுக்கு விஏஓவும் இல்லை, தாலுகா ஆபீஸும் இல்லை.

போகும் முன்பே அரசின் இணைய சேவையில் பட்டா, சிட்டா, அ-பதிவேடு பார்த்து அச்செடுத்துக்கொள்ளுங்கள். வில்லங்கச் சான்று பதிவுத்துறைத் தளத்தில் கிடைக்கும். பழைய பத்திரத்தில் தஞ்சாவூர் ஜில்லா என்றிருக்கும். நாகப்பட்டினம் 1991-லும் திருவாரூர் 1997-லும் பிரிந்தன. மயிலாடுதுறை 2020 டிசம்பர் 28 முதல் தனி மாவட்டம். தேடும்போது இன்றைய மாவட்டத்தைப் போட வேண்டும். தாத்தா பெயரிலேயே பட்டா நின்றிருந்தால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் முதலில் தேவை.

பெரியவர்கள் மா, குழிக் கணக்கில்தான் பேசுவார்கள். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏறத்தாழ 33 சென்ட், மூன்று மா ஓர் ஏக்கர் என்று வைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டில் வசிப்பவர்களும் வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கியவர்களும் இங்கே விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது, வாரிசாக வருவதற்குத் தடையில்லை. அண்ணன் பங்கை வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டத்தோடு வருகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு வரட்டும்.

11. கிளம்புவது

வரும்போதே ஒரு காலிப் பையை மடித்து எடுத்து வாருங்கள். அரிசி, தேங்காய், வடகம், முருங்கைக்காய் எல்லாம் வரும், மறுக்க முடியாது. விமானத்தில் போகிறவர்கள் கொப்பரைத் தேங்காயை மட்டும் இறக்கி வைத்துவிடுங்கள், விடமாட்டார்கள். கும்பகோணம் வெற்றிலை வாங்கினால் வாழை இலையில் சுற்றிக் கொண்டுபோகலாம். திருவையாறு வழியாகப் போகிறவர்கள் அசோகா என்ற இனிப்பைச் சூடாக அங்கேயே சாப்பிட்டுவிடுவது உத்தமம்.

கிளம்பும் நேரத்தை உண்மை நேரத்துக்கு ஒரு மணி முன்னதாகச் சொல்லுங்கள். விபூதி பூசி, வாசல் வரை வந்து, அங்கே நின்று பேச அந்த ஒரு மணி தேவைப்படும்.

ஊர் திரும்பியதும் எடுத்த படங்களை அச்சுப் போட்டுத் தபாலில் அனுப்புங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பேரன் போனோடு போய்விடும். முகவரியில் கதவு எண் தெரியாவிட்டால் பரவாயில்லை. தெருப் பெயர், தாத்தா பெயர், அஞ்சல் ஊர், பின்கோடு எழுதினால் தபால்காரர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்.